ஒரே ஒரு கஞ்சிப் பானை

அத்தியாயம் 9

அரிசி டிரம்முக்கு முன்னால் லிகாயாவை நிற்க வைத்துவிட்டுப் போன வாரம் வந்துவிட்டோம். டிரம்மில் அரிசி குறைந்திருந்தது. எலி தின்ற குறைவு அல்ல. கை அள்ளிய குறைவு.

மறுநாள் ஞாயிறு. பூசைக்குப் போனாள், வந்தாள், யாரிடமும் வாய் திறக்கவில்லை. மாலையில் சிற்றாலயத்தை ஒட்டிய அறையைத் திறந்து, மிச்சமிருந்த அரிசியைச் சமமாகப் பரப்பி, அதன் மேல் தன் உள்ளங்கையை அழுத்திப் பதித்துவிட்டுப் பூட்டினாள்.

திங்கட்கிழமை விடியலில் மூடியைத் திறந்தால் அந்தத் தடம் இல்லை. அரிசி இன்னும் இறங்கியிருந்தது. மேலே யாரோ பொறுப்பாக நிரவிவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்தப் பொறுப்பைத்தான் லிகாயா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்நியத் திருடன் அள்ளிக்கொண்டு ஓடுவான். நிரவ மாட்டான்.

தோண்டோ என்ற துறைமுகச் சேரியில், கறுப்புக் கால்வாயை ஒட்டிக் கிடக்கும் சான் ரோக்கே சந்தில், பள்ளிக்கூடம் போகும் வயசு வராத பிள்ளைகளுக்கு அந்த அறை வாசலில்தான் காலைக் கஞ்சி. இஞ்சி, உப்பு, கிடைத்த அன்றைக்கு முருங்கைக்கீரை. பல பிள்ளைகளுக்கு அது நாளின் முதல் சாப்பாடு. சில பிள்ளைகளுக்கு அன்றைய சாப்பாடே அதுதான். மடத்திலிருந்து சிஸ்டர் ஃபெலிசா வாராவாரம் ஒரு மூட்டை அரிசி அனுப்புகிறார். லிகாயா காய்ச்சுகிறாள். கூலி கிடையாது, கேட்டதும் கிடையாது.

அறைக்குச் சாவி இரண்டு. ஒன்று லிகாயாவின் அடுப்படி ஆணியில் தொங்கும். இன்னொன்று புரிதாவின் இடுப்பில்.

புரிதா நான்கு வீடு தள்ளி இருப்பவள். அவளுடைய கடைசிப் பையன் ஒன்யோக்குக்கு லிகாயாதான் ஞானத்தாய். கோயிலில் அந்தப் பிள்ளையைக் கையில் ஏந்திய நாளிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் ‘மாரே’ என்றுதான் கூப்பிடுவார்கள். கூடப் பிறந்தவளைவிட ஒரு படி மேலான உறவு அது.

லிகாயா அன்றைக்கு அரிசியைக் குறைத்தாள், தண்ணீரைக் கூட்டினாள். பிள்ளைகள் கிண்ணங்களோடு வந்து உட்கார்ந்தார்கள். தாய்மார்கள் சுவரோரம் நின்றார்கள்.

புரிதா சிரித்துக்கொண்டே வந்தாள். அகப்பையால் பானையைக் கலக்கி, தூக்கி ஊற்றிப் பார்த்தாள்.

“என்ன மாரே, இது கஞ்சியா, பானை கழுவுன தண்ணியா? இதுல மூஞ்சியப் பாத்துத் தலை சீவலாம் போலிருக்கே!”

சுவரோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். லிகாயா சிரிக்கவில்லை.

“அரிசி இருந்தாத்தான் கஞ்சி கெட்டியா வரும். உன்கிட்ட இருக்கிற சாவியக் குடு.”

“எதுக்கு? ரூமு தொறந்துதானே இருக்கு?”

“குடுன்னா குடு. இனிமே ஒரு சாவி போதும்.”

சிரிப்பு நின்றது. புரிதா அகப்பையைப் பானையின் விளிம்பில் வைத்தாள்.

“மாரே, நீ என்ன சொல்ற?”

“நான் ஒண்ணும் சொல்லல. அரிசிதான் சொல்லுது. ரெண்டு வாரமா குறையுது. ரூமுக்கு ரெண்டு பேருகிட்டதான் சாவி இருக்கு. நான் எடுக்கல.”

எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்கத்தான் இரவெல்லாம் வார்த்தை கூட்டி வைத்திருந்தாள். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் வாய் முந்திக்கொண்டது.

புரிதாவின் கண் ஒரு கணம் லிகாயாவின் வீட்டு வாசல் பக்கம் போய்த் திரும்பியது. ஏதோ சொல்ல வந்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தாள். கையில் கொடுக்கவில்லை, தரையில் வைத்தாள்.

பிறகு தன் பிள்ளைகள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனாள். பெரியவள் கிளாரிஸ் தானாகவே எழுந்துவிட்டாள். வயசுக்கு மீறியே தம்பிகளோடு வந்து கஞ்சி குடிப்பவள் அவள். நடுப்பையனும் எழுந்தான். ஒன்யோக் மட்டும் கரண்டியை வாயில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தான். புரிதா கரண்டியை வாயிலிருந்து உருவினாள். மூன்று கிண்ணங்களையும் எடுத்துப் போய்க் கஞ்சியைப் பானைக்குள்ளேயே திருப்பி ஊற்றினாள்.

“திருடி பெத்த பிள்ளைங்க குடிச்சா மத்த பிள்ளைங்களுக்கு வயித்த வலிக்கும். வாங்கடா.”

“ஞானம்மா, எனக்கு இன்னும் பசிக்குது,” என்றான் ஒன்யோக். அவனுக்கு எது நடந்தாலும் ஞானம்மாவிடம்தான் முறையீடு.

லிகாயா பானையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளையைப் பார்க்க முடியவில்லை.

*

சிஸ்டர் ஃபெலிசாவின் வேன் வந்தபோது கிண்ணங்கள் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. சிஸ்டர் குட்டையான மனுஷி, எப்போதும் அவசரத்தில் இருப்பவர். வேன் நின்றாலும் எஞ்சினை நிறுத்த விட மாட்டார்.

லிகாயா நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போதே தன் குரல் தனக்குப் பிடிக்கவில்லை.

சிஸ்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “உனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு எனக்குத் தெரியுது லிகாயா. ஆனா நீயே கண்டுபிடிச்சு நீயே நிறுத்துனது நல்லதாப் போச்சு. வெளிய இருந்து என் காதுக்கு வந்திருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும்.”

“பானையை எடுத்துடுவீங்களா சிஸ்டர்?”

“எடுக்கணும்னு எனக்கு ஆசையா என்ன? மூணு சந்துக்காரங்க தினமும் மடத்து வாசல்ல வந்து நிக்கிறாங்க, எங்க பிள்ளைங்களுக்கும் ஊத்துங்கன்னு. என்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு பானை. தர்மம் குடுக்கிறவங்க அரிசி ஒழுங்காப் போய்ச் சேருதான்னு என்னைக் கேக்குறாங்க. ஒழுகுற இடத்துல எப்படி ஊத்துறது, சொல்லு?”

லிகாயா தலையாட்டினாள். சிஸ்டர் ஏறினார். வேன் பின்னாலேயே நகர்ந்து சந்தைவிட்டு வெளியேறியது. திரும்ப இடமில்லாத சந்து அது.

*

மத்தியானம் மகன் எர்வின் வீட்டுக்கு வந்துவிட்டான். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன். கப்பல் வரவில்லையென்றால் கூலி இல்லை.

“கப்பல் எங்கயோ நடுக்கடல்லயே குறட்டை விட்டுத் தூங்குதாம்மா. நாளைக்கு வாங்கன்னு சொல்லிட்டான் மேஸ்திரி. நேத்தும் இதையேதான் சொன்னான்.” பாயில் விழுந்து, கண்ணால் மனைவியைத் தேடினான். “ஜோவலின் எங்க?”

“துணி துவைக்கப் போறேன்னு விடிகாலையிலயே போனா. பிள்ளையையும் தூக்கிட்டுத்தான் போயிருக்கா.”

எர்வின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“ஏண்டா?”

“ஒண்ணுமில்ல. தூக்கம் வருது.”

புரிதா விஷயத்தைச் சொன்னாள். அவன் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான்.

“புரிதா அக்காவையா? அத்தனை பேர் முன்னாலயா? அம்மா, அவங்க…” என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்தினான். “நீ கொஞ்சம் விசாரிச்சிருக்கலாம்ல?”

“யாரை விசாரிக்கிறது? அரிசியவா?”

அவன் மறுபடி படுத்துக்கொண்டான். லிகாயாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கீரை ஏதாவது உதிர்ந்து கிடக்குமா பார்க்கலாம் என்று கூடையை எடுத்துக்கொண்டு சந்தைப் பக்கம் கிளம்பினாள்.

சந்து முனையில் கார்தோவின் உதறல் கடை. பெரிய உணவகங்களின் குப்பையில் விழும் கோழித் துண்டுகளைப் பொறுக்கி வந்து, ஒட்டியிருக்கும் அழுக்கை உதறிக் கழுவி, மறுபடி எண்ணெயில் போட்டு எடுத்தால் அது உதறல். கையில் ஒன்றுமே இல்லாதவர்களுக்குக் கறி வாசனை வேண்டுமென்றால் இந்தக் கடைதான். பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்றுதான் இந்தச் சந்தில் கஞ்சிப் பானையே வந்தது. முந்தின வருஷம் சந்தில் ஒரு குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்த பிறகு, மடத்துக்கு நடையாய் நடந்து சிஸ்டரை அழைத்து வந்தது யார் தெரியுமா? லிகாயாவும் புரிதாவும்தான். ஒன்றாகத்தான் போனார்கள்.

கடைக்கு முன்னால் கிளாரிஸும் தம்பிகளும் குந்தியிருந்தார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் பை. ஒன்யோக் ஒரு எலும்பை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் கடித்துக்கொண்டிருந்தான்.

“அதக் கீழ போடுடா!” என்று லிகாயா ஓடினாள்.

கிளாரிஸ் தம்பியை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பத்து வயசுப் பெண் பார்த்த பார்வையில் லிகாயாவின் கால் நின்றுவிட்டது.

கார்தோ எண்ணெய்ச் சட்டியிலிருந்து நிமிர்ந்தான். “வியாபாரத்தக் கெடுக்காதீங்க அக்கா. இது சாதாரணக் கோழி இல்ல, ஏசி ரூம்ல உக்காந்து கடிச்ச கோழி! நீங்க அங்க அடுப்ப அணைச்சா என் அடுப்பு நல்லா எரியும். உங்களுக்கு ஒரு கும்பிடு.”

“குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

“பட்டினி கிடந்தாலும் ஏதாவது ஆகும்தானே?” என்றான். இதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. “அவங்கம்மாதான் அனுப்பிச்சா. போய் அவளையே கேளுங்க.”

லிகாயா சந்தைக்குப் போகவில்லை. கூடையோடு திரும்பினாள்.

*

ஜோவலின் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. இருபது வயசு. ஒடிசலான பெண். மார்போடு சேர்த்துக் கட்டிய துணித்தூளியில் குழந்தை தூங்கியது. காலையில் போகும்போது புடைத்துக் கனத்த தூளி இப்போது தொய்ந்து தொங்கியது. லிகாயா அதைப் பார்த்தாள். பார்த்தும் மனசில் ஏற்றிக்கொள்ளவில்லை. பக்கெட்டும் இல்லை, துணியும் இல்லை என்பதைத்தான் முதலில் கவனித்தாள்.

“துவைச்ச துணி எங்கடி?”

ஜோவலின் பதில் சொல்லுமுன் எர்வின் குறுக்கே வந்தான். “அம்மா, விடு. வந்ததும் வராததுமா… ஜோவலின், உள்ள போ.”

“என்னாச்சு? ஏன் ரெண்டு பேர் முகமும் இப்படி இருக்கு?” என்றாள் ஜோவலின். மாமியாரையும் அவள் அம்மா என்றுதான் கூப்பிடுவாள். “அம்மா, என்ன ஆச்சு?”

“புரிதாவத் துரத்திட்டேன். அரிசி திருடுனா. சாவியப் பிடுங்கிட்டேன்.”

ஜோவலின் குழந்தையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ அம்மா. அவங்க இல்ல. நான்தான்.”

எர்வின் தலையில் அடித்துக்கொண்டான். “வாய மூடுடி!”

“எதுக்கு மூடணும்? உனக்கும்தான் தெரியும்.” அவள் லிகாயாவைப் பார்த்தாள். “ஆணியில தொங்குற சாவிய எடுத்தேன். பிள்ளைக்கு அடியில தூளிக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போனேன். நாலு தடவை. எங்கம்மாவுக்கு.”

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜோவலினின் அம்மாவும் மூன்று தம்பிகளும் இருந்த குடிசை வரிசை போன மாதம் தீப்பிடித்து எரிந்ததையும், அவர்கள் எல்லோரும் ஒரு கூரை போட்ட கூடைப்பந்துத் திடலில் அட்டைப்பெட்டி விரித்துப் படுத்திருப்பதையும் வாசகர்கள் அறிவார்கள். முதலில் நிவாரண வண்டிகள் வந்தன. பிறகு வரவில்லை. ஜோவலின் மாமியாரிடம்தான் முதலில் கேட்டாள். ‘பானை இந்தச் சந்துக்குத்தான் குடுத்தது. வெளிய குடுத்தேன்னு தெரிஞ்சா பிடுங்கிடுவாங்க’ என்று லிகாயா சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் பொய் இல்லை.

“உங்கிட்டக் கேட்டேன். நீ முடியாதுன்னுட்ட,” என்றாள் ஜோவலின். அவள் குரலில் கோபம் இல்லை. “என் சின்னத் தம்பி அட்டையச் சப்பிட்டு இருந்தான்ம்மா. நான் இங்க உக்காந்து அடுத்தவங்க பிள்ளைக்குக் கஞ்சி ஊத்திக்கிட்டு இருந்தேன்.”

லிகாயாவுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் ஏதாவது இருக்க வேண்டுமே.

“நான் போய்ப் புரிதா அக்கா காலுல விழுறேன்,” என்று ஜோவலின் எழுந்தாள்.

“உக்காரு.”

“அம்மா…”

“உக்காருன்னேன்! திருடுனது என் வீட்டு ஆளுன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கே பானை போயிடும். நாப்பது பிள்ளைங்கடி. உன் தம்பிய நினைச்ச, சரி. இந்தப் பிள்ளைங்களை யாரு நினைக்கிறது? புரிதாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ வாயத் திறக்கக் கூடாது.”

அப்படிச் சொன்னவள், இரவுக்கென்று வைத்திருந்த சோற்றையும் ஒரு துண்டுக் கருவாட்டையும் ஒரு பாத்திரத்தில் போட்டு ஒரு துணிக்குள் மறைத்துக்கொண்டு கிளம்பினாள்.

*

புரிதா வாசலில் உட்கார்ந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒன்யோக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். இரண்டு முறை வாந்தி எடுத்தானாம். கிளாரிஸ் அவனுக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“மாரே,” என்றாள் லிகாயா.

“யாருக்கு யாரு மாரே?”

“நீ இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“அப்படியா? அரிசி வந்து சொல்லுச்சா?”

லிகாயா பாத்திரத்தை நீட்டினாள். புரிதா வாங்கவில்லை.

“யாருன்னும் தெரிஞ்சுதா?” என்றாள் புரிதா.

லிகாயா நீட்டிய பாத்திரத்தைக் கீழே இறக்கினாள். புரிதா தேய்ப்பதை நிறுத்தினாள்.

“நான் சொல்லட்டுமா? உன் மருமக. வெள்ளிக்கிழமை விடிகாலையில நான் தண்ணி பிடிக்கப் போனப்ப ரூமுக்குள்ள இருந்து வந்தா. தூளி புடைச்சிருந்துச்சு. என்னப் பாத்துட்டுச் செவுத்தோட ஒட்டி நின்னா. பாக்காத மாதிரி நான் திரும்பி வந்துட்டேன்.”

“உனக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா இன்னைக்கு வாயத் திறக்கல?”

“திறந்திருந்தா?” புரிதாவின் குரல் உயர்ந்தது. “அவ்வளவு பேரு இருந்தாங்க. உன் மருமகன்னு சொல்லியிருந்தா உன் மானம் போயிருக்கும், போகட்டும். பானையும்ல போயிருக்கும்! என் பிள்ளைங்களும் அதுலதானே குடிக்குதுன்னு முழுங்கிக்கிட்டேன். கடைசியில என் பிள்ளைங்களுக்கு மட்டும்தான் இல்லாமப் போச்சு.”

“என்னை மன்னிச்சிடு.”

“இங்க இருட்டுல வந்து என் காதுல சொல்லாத. எங்க சொன்னியோ அங்க, அத்தனை பேர் முன்னாலயும் சொல்லு.”

“சொன்னா சிஸ்டர்…”

“தெரியுது. சொல்ல மாட்ட. நானா இருந்தாலும் சொல்ல மாட்டேன்.” புரிதா எழுந்தாள். “அதான் மாரே இதுல இருக்கிற கொடுமை. சோத்த எடுத்துட்டுப் போ. அவன் வயித்துல இப்ப எதுவும் நிக்காது.”

கதவு என்று பேருக்குத் தொங்கிய தகரத்தை அவள் இழுத்து மூடினாள்.

*

லிகாயா நேராக வீட்டுக்குப் போகவில்லை. சிற்றாலயத்தின் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜெபிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. இருக்கிற ஒரு பானையைக் காப்பாற்றிக்கொடு என்று கேட்டால் புரிதா திருடியாகவே இருக்க வேண்டும். புரிதாவைக் காப்பாற்று என்றால் பானை போக வேண்டும். மணி அடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தாள்.

வெளியே பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

“வேன் வந்திருச்சு! வேன் வந்திருச்சு!”

இந்த நேரத்தில் வேன் வருவதில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு நேரம் காலம் உண்டா? வேன் என்றால் சாப்பாடு. வீடுகளுக்குள் ஓடிக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். வேனைச் சூழ்ந்துகொண்டு கிண்ணத்தைக் கதவில் தட்டினார்கள்.

முன் இருக்கையில், சிஸ்டருக்குப் பக்கத்தில், ஜோவலின் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மாமியார் புரிதா வீட்டுக்குப் போனதும் இவள் மடத்துக்குப் போயிருக்கிறாள்.

எஞ்சின் நின்றது. சிஸ்டர் எஞ்சினை நிறுத்தச் சொல்லி அந்தச் சந்து பார்த்ததில்லை.

“லிகாயா, ஜோவலின் எல்லாத்தையும் சொல்லிட்டா,” என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் சந்து மொத்தமும் காதாக நின்றது.

லிகாயா கூட்டத்தைப் பார்த்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? உரக்கவே சொன்னாள்: “புரிதா திருடல. எல்லாரும் கேட்டுக்கங்க. என் வீட்டு ஆளுதான் எடுத்தது. நான்தான் விசாரிக்காம அவமேல பழி போட்டேன்.” பிறகு சிஸ்டரின் கையைப் பிடித்தாள். “என்னைத் தள்ளிடுங்க சிஸ்டர். நான் பானைப் பக்கமே வரல. புரிதாகிட்டக் குடுங்க. அவ நேர்மையானவ. பானை மட்டும் இங்கயே இருக்கட்டும்.”

நல்ல யோசனை. சுவரோரம் நின்ற பெண்கள் தலையாட்டினார்கள். சிஸ்டரின் முகமும் கொஞ்சம் இளகியது. தகரக் கதவுக்கு வெளியே வந்து நின்ற புரிதாவை அவர் பார்த்தார்.

“புரிதா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உனக்கு இது முன்னாலயே தெரியுமா?”

தெரியாது என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. லிகாயா கண்ணாலேயே கெஞ்சினாள். புரிதா பிள்ளைகளின் கையிலிருந்த கிண்ணங்களைப் பார்த்தாள். ஜோவலினைப் பார்த்தாள். காலையிலிருந்து திருடி என்று பேர் சுமந்தவள், இப்போது பொய்க்காரி என்றும் ஆக வேண்டுமா?

“தெரியும் சிஸ்டர்,” என்றாள். “பாத்தேன். சொல்லல.”

யாரோ ஒரு பெண், “ஐயோ பைத்தியக்காரி!” என்று முனகினாள்.

சிஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். கோபம் இல்லை, களைப்புதான். “ரெண்டு பேருக்குமே தெரிஞ்சும் சொல்லலைன்னா நான் யாரை நம்பி அரிசி குடுக்கிறது? நாளைக்கு என்னைக் கேக்குறவங்களுக்கு நான் என்ன சொல்றது?” டிரைவரிடம் திரும்பினார். “பானையையும் மிச்ச அரிசியையும் ஏத்துப்பா.”

பெரிய பானையைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு டிரைவர் வந்தான். பிள்ளைகள் வழி விடவில்லை. ஒன்று எக்கி உள்ளே பார்த்தது.

“எங்க சிஸ்டர் கொண்டு போறீங்க?” என்று கேட்டாள் ஒருத்தி.

சிஸ்டர் தயங்கினார். “தீப்பிடிச்ச ஜனங்க இருக்கிற திடலுக்கு. மடத்துல இருந்து போன் போட்டு விசாரிச்சேன். அங்க எதுவுமே போகல. நாளைக்குக் காலையில இருந்து அங்க காய்ச்சணும்.”

 எல்லோர் தலையும் ஜோவலின் பக்கம் திரும்பியது.

“அப்படிச் சொல்லுங்க!” என்றது ஒரு குரல். “எங்க பிள்ளைங்க வாயில இருந்து பிடுங்கி ஆத்தா வீட்டுக்குச் சீதனம் கொண்டு போறா!”

“இதுக்குத்தான் மடத்துக்கு ஓடுனியாடி?”

“இல்லக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது, நான் புரிதா அக்காவுக்காகத்தான்…” ஜோவலினின் குரல் கூச்சலில் அமுங்கிப்போனது. யாரோ வீசிய ஈரத்துணி வேன் கண்ணாடியில் பட்டுச் சரிந்தது. குழந்தை வீறிட்டது.

“ஜோவலின், நீயும் வா. வழி காட்டணும்,” என்றார் சிஸ்டர். “இன்னைக்கு நீ இங்க இருக்கிறதும் நல்லதில்ல.”

எர்வின் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். “ஏறாத. ஏறுனா திரும்பி இந்த வீட்டுக்கு வராத. இவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

ஜோவலின் மாமியாரைப் பார்த்தாள். அரிசி கேட்டபோது முடியாது என்று சொன்னவளை.

லிகாயா தூளியின் அவிழ்ந்த முடிச்சை இறுக்கிக் கட்டினாள். குழந்தையின் தலையைத் தடவினாள். “ஏறு,” என்றாள். “உங்கம்மா காத்துக்கிட்டிருப்பா. போய்ப் பானையில இருந்து நீயே ஊத்து. ஏறு.”

வேன் பின்னாலேயே நகர்ந்தது. பிள்ளைகள் முனைவரை கிண்ணங்களோடு ஓடினார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். இன்னும் புரியாத சின்னது ஒன்று மட்டும் முனையிலேயே நின்றது.

பெண்கள் கலையவில்லை. யாரும் லிகாயாவை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஒருத்தி மட்டும் கேட்டாள்.

“நாளைக்குக் காலையில இதுங்க எழுந்து வந்து இங்க உக்காருமே. நீயே சொல்லு லிகாயா அக்கா, நாங்க என்ன சொல்றது?”

தகரக் கதவுக்கு அப்பால் ஒன்யோக் மறுபடி வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. புரிதா உள்ளே ஓடினாள்.

லிகாயா தன் வீட்டு வாசலுக்கு வந்தாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

“எர்வின்,” என்று கூப்பிட்டாள்.

உள்ளே அவன் மூச்சு விடுவது கேட்டது. தாழ் அசையவில்லை.

“எர்வின். நான்தான்டா, அம்மா.”

பின்னால் பெண்கள் அப்படியே நின்றிருந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் மறுபடியும் தட்டினாள்.